ஏவன்டேல் கடையில் குடிக்காத தேத்தண்ணி

பிள்ளையள், ஏவன்டேல் மாமா ஏன் இப்ப எங்கட வீட்டுக்கு வாறேல்லை எண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறியள். அலுப்பாய்த்தான் இருக்கு, எண்டாலும் எழுதிறன்.

அப்பா என்ர வேலை, பென்ரோஸ் டிப்போவிலிருந்து வானில் போய், கடைகளில் பணப்பைகளை வாங்கி வங்கிக்குக் கொண்டுபோறது. எங்களிட்டத் துவக்கு இல்லை. கத்தி ஏறாத வெஸ்ட் ஒண்டும், எப்ப வருவம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாததும்தான் காவல். கடைவாசலிலிருந்து வான் கதவுமட்டும் பையோடு நடக்கிற அந்தக் கொஞ்சத் தூரம்தான் ஆபத்து.

மாமா மன்னார் ஆள், சேர்ச்சில் பழக்கம். ஏவன்டேலில் டெய்ரி, அதுதான் பால் பாண் விக்கிற சின்னக் கடை, வைத்திருக்கிறார்; நான் பை எடுக்கப் போற கடையளில் அதுவும் ஒண்டு. கடைக்கு வந்த தமிழனை வெறும் வாயோடு அனுப்ப அவரால் ஏலாது. என்னைக் கண்டதும் கேத்தலைப் போடுவார். தண்ணி கொதிக்க முந்தி நான் போயிடுவன். கடைசியில் போன் எடுத்தார்.

"தம்பி, நாளைக்கு எத்தினை மணிக்கு? முதலே ஊத்தி வைக்கிறன்."

"சொல்லக்கூடாது அண்ணை."

"நான் என்ன கள்ளனே?"

அடுத்தமுறை போனபோது கடைக்குள் சனம். பிரிஜ் பக்கத்தில் தொப்பி போட்ட இரண்டு பெடியங்கள். மாமா கையில் கப்போடு, அவையளுக்கும் விளங்க இங்கிலீசில் சத்தம் போட்டார்: "நேற்றுக் காலமை வந்தீர், இண்டைக்கு மத்தியானம்! காசு எடுக்க வாறதுக்கு ஒரு நேரம் இல்லையோ?"

பெடியங்கள் திரும்பி என்னையும் பையையும் பார்த்தாங்கள். சும்மா பார்த்திருக்கலாம். நீட்டின கப்பைத் தாண்டி, பையோடு வானுக்கு நடந்தன். வானுக்குள் இருந்த கூட்டாளி கதவைத் திறக்கும்வரைக்கும் முதுகிலதான் கண்.

ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில் மாமா எனக்குக் கேட்க மனைவியிடம் சொன்னார்: "பெரிய ஆள். எங்கட தேத்தண்ணி இறங்காது." அண்டையோட எங்கட வீட்டுக்கு வாறதையும் விட்டிட்டார்.

நான் மேலிடத்தில் கேட்டு அந்தப் பாதையை மாற்றிக்கொண்டன். இப்ப வேறொரு பெடியன் போறான்.

போன சனிக்கிழமை, லீவு நாளில், வெஸ்ட் இல்லாமல் சும்மா சேட்டோடு கடைக்குப் போனன். மாமா முகத்தைப் பார்க்காமலே தேத்தண்ணி போட்டார். சீனி கூட. நிண்டபடியே முழுக்கக் குடிச்சன். கப்பை வாங்கேக்க மெல்லக் கேட்டார்:

"இப்ப வாற பெடியன் பாவம், களைச்சுப்போய் வாறான். எத்தினை மணிக்கு வருவான் எண்டு உமக்குத் தெரியுந்தானே?"

நான் இன்னொரு கப் கேட்டன்.