இரண்டாம் பாகத்தில் இல்லாத காட்சி

இது கட்டுக்கதை இல்லை. நடந்தது. நடந்த இடம் சிவகாசியில் ஒரு சினிமா தியேட்டர், நேரம் பட்டப்பகல். அதனால்தான் ஒருத்தரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். சுடுகாடு, புளியமரம் என்று ஆரம்பித்திருந்தால் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருப்பார்கள். செல்வலட்சுமி என்ன செய்வாள்? அவளுக்கு நடந்தது தீபாவளி முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, மேட்னி ஷோவில்.

செல்வலட்சுமிக்கு ஊர் விஸ்வநத்தம். பட்டாசுக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறாள். அவளுடைய அக்கா குருவம்மாளும் பட்டாசு வேலைக்குத்தான் போனாள், வேறொரு கம்பெனிக்கு. நாலு வருஷத்துக்கு முன்னால் அங்கே மருந்து அறை வெடித்து ஏழு பேர் செத்தார்கள். குருவம்மாள் அதில் ஒருத்தி.

செத்தவளைச் செத்தபடி விட்டார்களா? பழியையும் அவள் தலையிலேயே கட்டினார்கள். குருவம்மாள் கொலுசு போட்டுக்கொண்டு உள்ளே போனாளாம், அது உரசிப் பொறி பறந்ததாம், இடிபாட்டில் கொலுசு கிடைத்ததாம். அந்த அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. உள்ளே இருந்தது நாலு பேர்தான், மற்ற மூன்று பேர் வாசலில் நின்றவர்கள் என்று எழுதிக் காகிதத்தை மூடிவிட்டார்கள். மற்ற ஆறு வீட்டுக்காரர்களும் அன்றிலிருந்து செல்வலட்சுமியின் முகத்தில் முழிப்பதில்லை. "ஒங்கக்கா மினுக்குனதுல எம்புள்ள போச்சுடி" என்று நடுத்தெருவில் மண்ணை வாரித் தூற்றினார்கள்.

அவளுக்கு வயிறு எரியும். பட்டாசு வேலை தெரிந்த எந்தப் பெண் கொலுசோடு மருந்து அறை வாசலை மிதிப்பாள்? கொலுசு, வளையல் எல்லாம் கேட்டிலேயே கழற்றியாக வேண்டும். வெறுங்காலோடு வந்து, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, உடம்பில் இருக்கிற மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். தூக்கத்தில் எழுப்பிவிட்டால்கூடக் கை தானாகத் தகட்டைத் தேடும். ஆனால் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

இந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். வெடி விபத்தில் செத்த பெண் பேயாக வந்து, ஜல் ஜல் என்று கொலுசு குலுங்கப் பழி வாங்குகிற படம். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அதற்கு ஓசி விளம்பரம். படம் ஓடு ஓடு என்று ஓடியது. செல்வலட்சுமி போன் போட்டுச் சண்டை பிடித்தாள்.

"எங்கக்கா கொலுசே போடலைங்க. ஏன் இப்படிப் பண்றீக?"

"கவலைப்படாதீங்கம்மா. ரெண்டாம் பாகத்துல உண்மையச் சொல்லிருவோம்" என்றார் டைரக்டர்.

பாவி மகள் அதை நம்பினாள். நாம் கத்தினால் ஏறாதது, சினிமா சொன்னால் ஊருக்கு ஏறும் என்று இரண்டு வருஷம் காத்திருந்தாள். இரண்டாம் பாகம் வந்ததும், கூட வேலை பார்க்கும் முருகேஸ்வரியை இழுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். படம் போட்டபோது மணி 2:34. தீபாவளி லீவு இன்னும் முடியவில்லை. தியேட்டர் முழுக்கக் கம்பெனிப் பெண்கள்தான்.

பத்தே நிமிஷத்தில் சிரிப்பு ஆரம்பித்தது. 'ஆவிக்குப் பாதம் தரையில் படாது' என்று சாமியார் கண்ணை உருட்டி வசனம் பேசுகிறார். அடுத்த காட்சியில் பேய் கொலுசு குலுங்க மாடிப்படி ஏறி வருகிறது. ஏழாவது படியில் கொலுசு சேலையில் மாட்டிக்கொண்டது, பேய் குனிந்து அதை எடுத்துவிட்டுக்கொண்டு மேலே போகிறது. வில்லன் தலையில் சங்குசக்கரம் சுற்றுகிறது. பேய் ராக்கெட்டில் உட்கார்ந்து பறந்துபோய் அவன் தம்பியைப் பிடிக்கிறது. எடுத்தவர்கள் சிரிப்புக்காக எடுக்கவில்லை. பின்னணியில் ஒப்பாரி ஓடுகிறது. அந்த ஒப்பாரிக்குத்தான் ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

செல்வலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். உண்மை பின்னால் வரும், வரும் என்று இருந்தாள்.

இடைவேளைக்குப் பிறகு வந்தது. பேய் தன் கதையைச் சொல்கிறது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கொலுசு மாட்டுகிறாள். பாட்டுப் பாடிக்கொண்டே மருந்து அறைக்குள் துள்ளி ஓடுகிறாள். ஜல்... ஜல்... பொறி.

"கொலுசு போட்டுக்கிட்டு எவடி மருந்து ரூமுக்குள்ள போவா?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"அதான் அம்புட்டுப் பேரையும் வாரிக்கிட்டுப் போனாளே குருவம்மா!" என்றாள் இன்னொருத்தி. கொல்லென்று சிரிப்பு.

செல்வலட்சுமி எழுந்துவிட்டாள்.

"பொய்யி! எல்லாம் பொய்யி!"

அதற்கும் சிரித்தார்கள். அழுகையும் ஆத்திரமுமாக உட்கார்ந்து செல்போனில் மணி பார்த்தாள். 4:12. போய்விடலாம் என்று பையை எடுத்தாள்.

அப்போதுதான் கவனித்தாள். திரையில் அந்தப் பெண் ஆடிக்கொண்டே இருந்தாள். பாட்டு கேட்டது. மேளம் கேட்டது.

கொலுசுச் சத்தம் மட்டும் இல்லை.

"ஏ செல்வி..." முருகேஸ்வரி முழங்கையைப் பிடித்தாள். "நெடி அடிக்குதா?"

அடித்தது. மருந்து நெடி. தொண்டை கமறுகிற கந்தக நெடி.

இடப்பக்கம் ஒரு காலி இருக்கை. ஸ்பிரிங் வைத்தது. ஆள் உட்கார்ந்தால்தான் இறங்கும்.

அது இறங்கியது... மெதுவாக... கிறீச்...

யாரும் இல்லை.

தப்.

வலப்பக்கத்துத் தகரக் கதவில். உள்ளங்கை பட்ட சத்தம்.

ஒரு மூச்சு விடுகிற நேரம்.

தப்.

பின்வரிசையில் சிரிப்பு நின்றது. பிறகு அதற்கு முந்திய வரிசையில். அந்தச் சத்தம் என்னவென்று அங்கே எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

தப்... தப்...

"எண்ணுறியா?" என்றாள் முருகேஸ்வரி.

"ம்."

தப்.

தப்.

நீண்ட நேரம் ஒன்றுமில்லை.

பிறகு...

தப்.

ஏழு.

ஏழாவது சத்தம் கதவில் இல்லை. பக்கத்து இருக்கையின் இரும்புக் கையில்.

இருக்கை மேலே ஏறிக்கொண்டது.

ஜல் ஜல் என்று படம் பழையபடி ஓடியது. அதற்குமேல் ஒருத்தியும் சிரிக்கவில்லை. தியேட்டர்காரர்களைக் கேட்டால், ஸ்பீக்கர் கோளாறு, கதவை யாரோ தட்டியிருப்பார்கள் என்றார்கள். சரி, அப்படியே இருக்கட்டும்.

மூன்றாம் நாள் காலை 6:40. செல்வலட்சுமி வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். அக்கா வேலை பார்த்த கம்பெனியின் போர்மேன் பால்பாண்டி. நாலு வருஷமாக அவளைக் கண்டால் அடுத்த தெருவில் புகுந்து போகிற மனுஷன். ஆள் பாதியாக இளைத்திருந்தார்.

"தைரியமா எடுத்துட்டாக தாயி."

"எத எடுத்துட்டாக?"

"ஏழு பேரும் வரிசையா வந்து, தகட்டத் தொடுறத. கொலுசு நாந்தான் கொண்டாந்து இடிபாட்டுல போட்டேன். கம்பெனில போடச் சொன்னாக, போட்டேன். இனி மறச்சு என்ன செய்ய? ஊரே பாத்துருச்சே."

அப்படி ஒரு காட்சி படத்தில் கிடையாது. ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் பின்வாங்கிவிடுவார். அப்படியே வக்கீல் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நாலு பேர் அறையில் ஏழு பேர் இருந்ததையும், குருவம்மாள் வெறுங்காலோடு போனதையும் சொல்லிப் பால்பாண்டி கையெழுத்துப் போட்டார். வக்கீல் பிறகு படத்தை இரண்டு தடவை பார்த்தார். அவருக்கு அந்தக் காட்சி வரவில்லை. தலைவலிதான் வந்தது.

வக்கீல் வீட்டுப் படியிறங்கும்போது அவள் கேட்டாள்.

"எந்தத் தியேட்டர்ல பாத்தீக?"

"விருதுநகர்ல, மக வீட்டுக்குப் போயிருந்தப்ப. ஞாயித்துக்கெழம மேட்னி. பயந்து எந்திரிச்சு வெளிய வந்து மணி பாத்தேன். நாலே கால் ஆகப் போச்சு."

"எங்கக்கா வந்தாளா?"

பால்பாண்டி சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசியா வந்துச்சு. உள்ள போகல. வாசல்ல நின்னு, திரையிலருந்து என்னயவே பாத்துச்சு. 'இன்னும் ஒரு ஆளுக்கு எடமிருக்கு, உள்ள வா'ன்னுச்சு."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அது நான் சொன்ன வார்த்த தாயி. உள்ள ஆறு பேரு இருக்காக, நான் போமாட்டேன்னு ஒங்கக்கா நின்னப்ப, அப்படிச் சொல்லித்தான் உள்ள தள்ளுனேன்."

அந்த வார்த்தையைக் கேட்ட ஏழு பேரும் அன்றைக்கே செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.