மஞ்சள் தடவிய காமிக்ஸும் அயோத்தியாப்பட்டணம் மண்டபமும்

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காமிக்ஸ் ரசிகர்கள் கூடுகைக்காகத் திருச்செங்கோட்டிலிருந்து சேலம் போய்வந்தேன். சொந்தமாக அச்சடித்த காமிக்ஸைச் சுமந்துகொண்டு கிளம்பும் என்னைப் போன்ற ஆட்கள் யாராவது படிக்கக்கூடும் என்பதால் எழுதிவைக்கிறேன். ஆனால் நான் விற்பதற்காக மட்டும் போகவில்லை. எனக்கு ஒரு கதையின் முடிவு தெரிய வேண்டியிருந்தது.

படம் வரைவது நான், கதை என் பள்ளித் தோழன் முருகேசன். அவன் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியில் டிரில்லர். வருடத்தில் பாதி நாள் சத்தீஸ்கர் பக்கம் போர் போட்டுக்கொண்டிருப்பான். கதையை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புவான், பின்னால் கம்ப்ரசர் இரையும். எங்கள் முதல் பாகத்தின் கடைசிக் கட்டத்தில், ஆயிரத்து நூறு அடியில் தண்ணீருக்குப் பதிலாக மழை வாசம் வருகிறது. டிரில்லர் பைப்பில் காது வைக்கிறான். உள்ளேயிருந்து யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

அதோடு முருகேசன் நிறுத்திவிட்டான். "முன்னப்பின்ன தெரியாதவங்க ஒருத்தராச்சும் அப்புறம் என்னாச்சுன்னு கேக்கட்டும் மாப்ள. அப்பத்தான் மிச்சத்தச் சொல்லுவேன். இல்லீன்னா இதோட உட்டுரலாம்" என்றான். நானும் கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். கூப்பிடுவது யாரென்று தெரியாமலேயே மாதக்கணக்கில் அரைத் தூக்கத்தில் நடமாடிக்கொண்டிருந்தேன்.

காலை ஆறு மணிக்குச் சங்ககிரி வழியாகப் போகும் சேலம் பஸ். ஒன்றரை மணி நேரப் பயணம். எனக்கு டிக்கெட் நாற்பத்தைந்து ரூபாய், இரண்டு கட்டுக்கும் சேர்த்து லக்கேஜ் இருபது. கண்டக்டர் கட்டுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார். பொம்மைப் புத்தகம் என்றேன். "மஞ்ச வாசம் அடிக்குதுங்களே" என்றார்.

கட்டைப் பிரித்தேன். ஒவ்வொரு பிரதியின் அட்டையிலும் நான்கு மூலைகளிலும் மஞ்சள். நான் அச்சடித்தது எங்கள் ஊரில் கல்யாணப் பத்திரிகை போடும் பிரஸ். பஸ்ஸிலிருந்தே போன் போட்டேன். பிரஸ்காரர் சாவகாசமாக, "மொதல் பொஸ்தகமுங்க. வெறும் மூலையோட அனுப்ப எங்கூட்டுல மனசு வரலீங்க" என்றார். அவர் மனைவியும் பைண்டிங் செய்யும் பெண்களுமாக உட்கார்ந்து அத்தனை பிரதிக்கும் தடவியிருக்கிறார்கள், கூலி கூட வாங்காமல். யார்மேல் கோபப்படுவது? காமிக்ஸ் சேகரிப்பவர்களைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு என் கவலை புரியும். அவர்கள் அட்டையில் நகம் பட்ட தடத்தைக்கூடப் பொறுக்க மாட்டார்கள்.

பஸ் போய்க்கொண்டே இருந்தது. பனிக்குள் சங்ககிரி மலை பாதி இருந்தது, பாதி இல்லை. ஷெட்டு ஓரம் ரிக் வண்டிகள் வரிசையாகத் தலை சாய்த்துப் படுத்திருந்தன. பஸ் முழுக்க மஞ்சள் வாசம். கொஞ்ச நேரம் யாருடைய கல்யாணத்துக்கோ போய்க்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டேன், நன்றாகத்தான் இருந்தது.

சேலம் புதிய பஸ் நிலையத்தில் இறங்கி அயோத்தியாப்பட்டணத்துக்கு டவுன் பஸ் பிடிக்க வேண்டும். ஆத்தூர் சாலையில் முக்கால் மணி நேரம், பதினைந்து ரூபாய். கூடுகை நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தின் சின்ன ஹாலில். பெரிய ஹாலில் நிஜமாகவே கல்யாணம். தாமதமாகப் பதிவு செய்ததால் எனக்கு வாசலுக்கு வெளியே ஒரு மேஜை கொடுத்தார்கள். பக்கத்தில் கல்யாண வரவேற்பு மேஜை: சந்தனம், கற்கண்டு, பன்னீர்ச் செம்பு.

பத்து மணிக்குச் சேகரிப்பாளர்கள் வந்தார்கள். ஒருவர் பிரதியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, மஞ்சள் இல்லாதது இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றதும் பூப்போல வைத்துவிட்டுப் போனார். இன்னொருவர் அபூர்வமாக இருக்கிறதே என்று இரண்டு வாங்கி, அங்கேயே பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒட்டினார். படித்துப் பாருங்கள் என்றேன். "இது வெக்கிறதுக்குங்க" என்றார். எனக்கு அழுகை வந்தது. விற்றாலும் கேள்வி வராது போலிருந்தது.

அதற்குள் கல்யாணக் கூட்டம். சந்தனத்தைத் தொட்டு, கற்கண்டை வாயில் போட்டு, அப்படியே என் மேஜையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். மஞ்சள் மூலையைப் பார்த்தால் கை தானாக நீளும் அல்லவா? முதல் நான்கைந்து பேரிடம் விலை எண்பது ரூபாய் என்றேன். அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே கூச்சமாகிவிட்டது. பிறகு விட்டுவிட்டேன். அடுத்த பந்திக்குக் காத்திருந்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து புரட்டினார்கள். பட்டுப்புடவைகளுக்கு நடுவே என் ரிக் வண்டி இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தெரிந்தது. நான் வரைந்த இருட்டுக்குள் ஊர் பேர் தெரியாதவர்கள் குனிந்திருந்தார்கள். அந்த அரைமணி நேரத்துக்காக இன்னொரு முறைகூட மூட்டை சுமப்பேன்.

ஒரு மணி இருக்கும். நாமக்கல்லிலிருந்து மாப்பிள்ளை வீட்டு வேனில் வந்த ஓர் அம்மா, கை கழுவிய ஈரம் படாமல் பிரதியை ஓரமாகப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"ஏனுங்க, பத்திரிகைன்னு எடுத்துட்டனுங்க. பைப்புக்குள்ள கூப்படறது யாருங்க? அப்புறம் என்னாச்சு?"

உடனே முருகேசனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கம்ப்ரசர் சத்தம் நின்றது. அவன் நிறுத்தச் சொல்லியிருப்பான் போல. "அவங்ககிட்டக் குடு. கேட்டவங்களுக்குத்தான் மொதல்ல" என்றான்.

அந்த அம்மா போனைக் காதில் வைத்து "ம்" கொட்ட ஆரம்பித்தார். வேன்காரர் ஹாரன் அடித்தார், அவர் திரும்பவே இல்லை. ஓரிடத்தில் சிரித்தார். ஓரிடத்தில் "ம்" நின்றுபோனது. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைத் திருப்பிக் கொடுத்தார். என்ன சொன்னான் என்று கேட்டேன். "நீங்க வரையறப்பப் பாத்துக்கோணுமாமா, இப்ப எங்கிட்டக் கேக்கக் கூடாதாமா" என்று சொல்லிவிட்டு வேனைப் பார்த்து ஓடினார்.

"அவங்க மூஞ்சி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான் முருகேசன். பார்த்ததையெல்லாம் சொன்னேன். கம்ப்ரசரை மறுபடி ஓட்டச் சொன்னான். பிறகு, "வேலை முடிச்சுட்டு மிச்சத்த அனுப்பறேன்" என்றான்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சில்லறையும் குடிதண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபம் என்றால் அன்று முகூர்த்தமா என்று விசாரித்துவிடுங்கள். சேகரிப்பவர்களுக்காகப் பத்துப் பிரதியைச் சுத்தமாகத் தனியே வையுங்கள், மற்றதை வருகிறவர் கைக்கு விட்டுவிடுங்கள். உங்களுக்கு வேண்டிய வாசகர் உங்கள் கூட்டத்திலேயே இருப்பார் என்று நம்பி ஏமாறாதீர்கள்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. முருகேசனிடமிருந்து இன்னும் எதுவும் வரவில்லை. காத்திருக்கப் பொறுமையில்லாமல், இரண்டாம் பாகத்தின் கடைசிக் கட்டத்தை முதலிலேயே வரைந்து முடித்தேன்: பைப்பிலிருந்து காதை எடுக்கும் டிரில்லரின் முகம். அந்த அம்மாவின் காதில் என்ன விழுந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் கேட்டு முடித்தவர் முகம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.