என்னை ஒருவரும் படிக்க வைக்கவில்லை

வால்தம்ஸ்டோவில் நாலு இறைச்சிக் கடைகளின் குளிர் அறைகள் நான் கட்டியவை. எட்மண்டனில் ஒரு மீன் கடையின் நிலவறைக்குள், மூன்று கொம்பனிக்காரர் வந்து பார்த்து முடியாது என்று போன இடத்தில், குளிர் அறை இறக்கிக் கொடுத்தேன். மனோர் பார்க் பக்கம் கல்யாணச் சாப்பாடு சமைக்கிற ஒரு பெரிய சமையலறையில் குளிர்ப்பெட்டி அத்தனையும் என் கைவேலை. என் பெயர் எழுதிய வான் வண்டி மூன்று ஓடுகிறது. யாழ்ப்பாணத்தில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பெருமை பேசுகிறான் என்பார்கள். செய்தவன் பேசாமல் வேறு யார் பேசுவது?

இப்போது பேச வைத்தது ஒரு புத்தகம். லண்டனுக்கு வந்து முதலில் நான் சமையல்காரனாக இருந்த சாப்பாட்டுக் கடை, ஆண்டு நிறைவுக்கு மலர் ஒன்று போட்டிருக்கிறது. அதில் முதலாளியைப் பற்றிய கட்டுரையில், தன் கடைச் சமையல்காரர் ஒருவரைக் கல்லூரிக்கு அனுப்பி, படிக்க வைத்து, தொழிலதிபர் ஆக்கியவர் என்று ஒரு வரி வருகிறது. அந்தச் சமையல்காரன் நான். என்னை ஒருவரும் அனுப்பவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் முதலாளிதான் எனக்கு வேர்க் பெர்மிட் எடுத்துத் தந்தார். அதை மறைக்க மாட்டேன். அந்தப் பெர்மிட்டில் நாலு வருடம் வேலை செய்தால் நிரந்தரமாக இருக்க விடுவார்கள். நாலு வருடமும் கடைக்கு மேலிருந்த அறையில் மூன்று பேரோடு படுத்தேன். கீழே இறங்கினால் அடுப்பு. கடையின் குளிர் அறை பழுதானால் ஒரு வெள்ளைக்காரர் பையோடு வருவார். நான் வெங்காயம் உரித்தபடி அவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒரு முறை, அவர் பையைத் திறக்கும் முன்பே பழுது எங்கே என்று தொட்டுக் காட்டினேன். இதைப் படிக்கக் கல்லூரி இருக்கிறது என்று அவர்தான் சொன்னார்.

நிரந்தர ஸ்டாம்ப் விழுந்து பாஸ்போர்ட் திரும்பி வந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். முதலாளியின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி முதல் அர்ச்சனை, என் பெயருக்கு அடுத்தது. சோறு போட்டவருக்குப் பிறகுதான் நமக்கு. அந்த அர்ச்சனைத் தட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன். அங்கேதான் பிழை விட்டேன். தட்டை முதலில் நீட்டினேன், செய்தியைப் பிறகு சொன்னேன். அவர் திருநீற்றைப் பூசி, தேங்காய்ப் பாதியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, "இனி நீ எங்கடை வீட்டுப் பிள்ளை. வாற மாசம் தொடக்கம் குசினிச் சமையல் முழுக்க உன்ரை பொறுப்பு" என்றார். தட்டைக் கண்டதும், காலம் முழுக்க அவரோடு இருக்கப் போகிறேன் என்று எடுத்துக்கொண்டார்.

"இல்லை அண்ணை, நான் படிக்கப் போறன். முழுநேரம், மூண்டு வருசம்."

"என்ன படிப்பு?"

"குளிர் அறை வேலை. முதல் வருசம் இங்கிலீசும் கணக்கும்."

"உனக்கு இப்ப என்ன வயசு?"

"நாப்பத்தொண்டு."

அவர் மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியே? எட்டாம் வகுப்பு கொலிஜுக்குப் போகுதாம்." பிறகு என்னிடம், "ஸ்டாம்ப் மை காய முதலே காலை வாருறாய். ஞாயிற்றுக்கிழமைக்குள்ளை அறையை விடு" என்றார்.

"ஓம் அண்ணை" என்றேன்.

எட்மண்டனில் ஒரு சைப்பிரஸ் கிழவியின் வீட்டில் அறை எடுத்தேன். சனி, ஞாயிறுகளில் ஒரு பேக்கரியில் தட்டுக் கழுவினேன். வேலையை விட்டால் ஸ்டாம்பை வெட்டிவிடுவார்கள் என்று கூட இருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். உண்மையா என்று கேட்க எனக்கு ஆளில்லை. முதல் வருடம் முழுக்கப் பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே வகுப்பில் இருந்தேன். யாராவது கதவைத் தட்டினால் கை அங்கே போகும்.

வகுப்பில் எல்லாம் பதினேழு வயதுப் பொடியன்கள். மத்தியானம் கூட்டமாகச் சாப்பிடப் போவார்கள். நான் கல்லூரிப் பட்டறையின் பின்படியில் உட்கார்ந்து பாண் ரொட்டியைக் கடிப்பேன். நூறு பேருக்கு ஒரே நேரத்தில் சமைத்தவன், ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி என்று தெரியாமல் திண்டாடினேன். முதல் மாதம் ஒவ்வொரு நாளும் சோறு மிஞ்சியது.

முதலாளி ஊருக்கு, என்னைப் பெற்ற ஐயாவுக்கு, கடிதம் போட்டுவிட்டார். நன்றி கெட்டவன் என்று. "போய்க் காலில் விழு" என்று ஐயா எழுதினார். பாஸ் பண்ணிவிட்டுப் பதில் எழுதலாம் என்று இருந்தேன். ஊரில் நடந்த சண்டையில் தபால் நின்றது. நான் பாஸ் பண்ணியதை அறியாமலே ஐயா போய்விட்டார்.

தமிழ் கேட்பதற்காகவே இடைக்கிடை பஸ் ஏறிக் கோயிலுக்குப் போவேன். முதலாளியின் கடையில் பரிமாறுகிற ஒருவன் அங்கே என்னைக் கண்டால் சும்மா விடமாட்டான். "என்ன டொக்டர் ஐயா, நெஞ்சிலை வைக்கிற குழாயைக் காணேல்லை? எங்கடை பிரிட்ஜுக்கு ரெண்டு நாளாக் காய்ச்சல்."

"பனடோல் குடுத்துப் பார்" என்பேன். கூட நின்றவர்கள் சிரிப்பார்கள், பிறகு கடையின் வான் வண்டியில் ஏறிப் போய்விடுவார்கள். அந்த வாரத்துக்கு நான் பேசிய தமிழ் அவ்வளவுதான். திரும்பி வரும்போது கோபம் வராது. அவர்கள் இன்னும் கொஞ்சம் நின்று நையாண்டி பண்ணியிருக்கலாமே என்றுதான் இருக்கும்.

மலரைப் பார்த்ததும் அதைத் தொகுத்தவருக்கு போன் எடுத்தேன்.

"நல்லாத்தானே அண்ணை எழுதியிருக்கு. உங்களைத் தொழிலதிபர் எண்டெல்லோ போட்டிருக்கு."

"அது சரி தம்பி. ஆர் அனுப்பினது எண்டுதான் பிழை."

"அவர் பெரிய மனிசன். விடுங்கோவன்."

விட மாட்டேன். என் ஐயாவுக்கு அவர் எழுதியது ஒன்று, ஊருலகத்துக்கு இப்போது சொல்வது இன்னொன்று. இரண்டிலும் நான் இல்லை. மலரைத் தொகுத்தவரே, மீதிப் பிரதிகளில் ஒரு தாள் ஒட்டுங்கள். பெர்மிட் எடுத்துத் தந்தவர் முதலாளி என்று எவ்வளவு பெரிய எழுத்திலும் போடுங்கள், அது அவருடையது. அதன் கீழே, நாற்பத்தொரு வயதில் வேலையையும் அறையையும் விட்டு, ஒருவரும் அனுப்பாமல் கல்லூரிக்குப் போனவன் இவன் என்று என் பெயரைப் போடுங்கள்.