ஒன்பது மரத்து ஆட்டம்

சவுக்குத் தோப்பு என்றதும் நிழல், காற்று, நிம்மதி என்று உருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அவர்கள் யாரும் அதற்குள் நின்று ஒரு தகர மூடியை வீசிப் பார்த்தவர்கள் இல்லை. நான் வீசியிருக்கிறேன். எழுபதுகளின் நடுவில், கிட்டத்தட்ட ஒரு வருஷம், ஞாயிறு தவறாமல். எண்ணூர் ஸ்டேஷனில் இறங்கிக் கடல் பக்கமாக நடந்தால் வரும் அந்தத் தோப்பில் எத்தனை மரம் இருந்தது என்று தெரியாது. அத்தனையிலும் என் மூடி பட்டிருக்கும். பட வேண்டிய மரத்தைத் தவிர.

இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவன் என் அண்ணன். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினான். ஏதோ ஒரு கப்பலில் வந்த வெள்ளைக்காரன் ஒருவன் அவனிடம் ஒரு பிளாஸ்டிக் தட்டைக் கொடுத்து, கம்பத்தைப் பார்த்து வீசு, விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசு, குறைந்த வீச்சில் கம்பத்தைத் தொட்டவன் ஜெயித்தவன் என்று கையைக் காலை ஆட்டிச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். தட்டு ஒரே மாதத்தில் விரிசல் விட்டுப்போனது. அப்புறம் எல்லாம் நான் வேலை பார்த்த திருவொற்றியூர் பட்டறையின் பெயின்ட் டின் மூடிகள்தான். விளிம்பை அரத்தால் தேய்த்துவிட்டால் கையைக் கிழிக்காது. தேய்த்தவன் நான், அவனுக்கும் சேர்த்துத்தான் தேய்த்தேன்.

தோப்பில் ஒன்பது மரங்களைப் பொறுக்கி, இடுப்பு உயரத்தில் சுண்ணாம்பு வளையம் போட்டுவைத்தோம். முதல் மரத்தைத் தொட்டதும் அங்கிருந்து இரண்டாவதைப் பார்த்து வீச வேண்டும். இப்படி ஒன்பதும் முடிய யாருக்கு வீச்சு குறைவோ அவனுக்கு ஆட்டம். சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது.

சவுக்கை வரிசை பிடித்துத்தான் நடுவார்கள். நின்று பார்த்தால் மரங்களுக்கு நடுவே ஒரு சந்து நேராகத் தெரியும். அடுத்த வளையம் அதன் கோடியில் வெள்ளையாகக் கூப்பிடும். கை நிறைய பலத்தோடு வீசுவேன். பத்தடி போனதும் மூடி தானாக இடது பக்கம் சாயும். 'டங்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை இன்றைக்குக் கேட்டாலும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். மரத்தில் பட்ட மூடி சும்மா விழாது. விளிம்பில் நின்று உருண்டு, எங்கே போகக் கூடாதோ அங்கே போகும். தாழம்புதருக்குள் போனால் குனிந்து, முதுகைக் காட்டிக்கொண்டு, வெளியே வருவதற்கென்றே ஒரு வீச்சைத் தண்டமாக்க வேண்டும். நான் அதையும் கோபத்தில் பலமாக வீசுவேன். அது எதிர்ப் புதருக்குள் போகும்.

அண்ணன் வீசுவதைப் பார்க்கவே சகிக்காது. பலம் கிடையாது, ஓடி வருவது கிடையாது. பீடியை வாயிலிருந்து எடுக்காமல் மணிக்கட்டை மட்டும் ஒரு திருப்பு. மூடி தாழ்வாக, அவசரமே இல்லாமல், மரங்களிடம் வழி கேட்டுக்கொண்டு போகிற மாதிரி போய்ச் சந்தின் நடுவில் உட்காரும். நான் ஏழு வீசிய இடத்தில் அவன் நான்கில் முடித்துவிட்டு, மரத்தில் சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான். சிரித்தாலாவது சண்டை போடலாம். சிரிக்கவும் மாட்டான்.

இதற்கு நடுவில் நாங்கள் பேசுவதை நிறுத்தியிருந்தோம்.

காரணம் இதுதான். துறைமுகத்தில் வெல்டர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். நான் மனுப் போட்டேன். அங்கிருந்த அதிகாரி அண்ணனைக் கூப்பிட்டு, "உன் தம்பி எப்படி?" என்று கேட்டிருக்கிறார். வேறு எந்த அண்ணனாக இருந்தாலும், தங்கமான பையன் சார் என்று சொல்லியிருப்பான். இவன், "வேலை நல்லாத் தெரியும் சார். கோவம்தான் ஜாஸ்தி" என்றிருக்கிறான். வேலை வேறு ஒருவனுக்குப் போனது. அன்று ராத்திரி சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்த நான், எட்டு மாதம் அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் பேசவில்லை. எனக்குக் கோபம், அவனுக்கு, தான் சொன்னதில் தப்பில்லை என்ற திமிர். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

ராயபுரத்தில் எங்கள் வீடு இரண்டே அறை. அதில் இரண்டு ஆம்பிளைகள் பேசாமல் நடமாடினால் நடுவில் மாட்டிக்கொள்வது அம்மாதான். "அவன் குளிச்சிட்டானானு கேளு", "அவனுக்கு இன்னும் ஒரு கரண்டி ஊத்து" என்று எல்லாம் அம்மா வழியாகத்தான் போய் வரும். இந்த லட்சணத்தில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் இருவரும் ஒரே ரயிலில், தனித்தனிப் பெட்டியில், எண்ணூருக்குப் போவோம். ஆட்டத்தைக் கைவிட இருவருக்குமே மனசில்லை. பட்டறையில் என்னோடு வேலை செய்த வியாசர்பாடி நண்பன் ஒருவன் நடுவில் நின்று வீச்சை எண்ணுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அம்மா வாசலில் வழி மறித்து நின்றாள். "நான் செத்தா சவப்பெட்டியைத் தூக்கசொல்லோவாவது ரெண்டு பேரும் பேசிக்குவீங்களா, இல்ல அதுக்கும் நானே எய்ந்து வந்து சொல்லணுமா?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை.

நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் அன்றைக்கே இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு பொதுவாக அறிவித்தான்: "இன்னா நைனா இது, பேஜாரா கீது. அடுத்த ஞாயித்துக்கிழம ஆட்டத்துல எவன் தோக்குறானோ அவன் மொத பேசணும். சரியா?" அண்ணன் தலையாட்டினான். நானும் ஆட்டினேன். அவனுக்கென்ன, தோற்றே பழக்கமில்லை. எனக்கோ, நானாகப் போய்ப் பேசுவதைவிட நாக்கைக் கடித்துத் துப்பிவிடலாம் போலிருந்தது.

அந்த வாரம் எனக்குக் காலை ஷிஃப்ட். மதியம் வேலை விட்டதும் நேராக எண்ணூர். நான்கு நாள் தனியாக வீசினேன். பலத்தைக் குறைக்கப் பழகினேன். அவனைப் போலவே மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, ஆனால் மூடி சந்துக்குள் போனது. மழையில் வளையங்கள் மங்கியிருந்தன. வியாழக்கிழமை ஒரு டப்பா சுண்ணாம்பு கரைத்துக்கொண்டு போய் ஒன்பது மரத்துக்கும் பளீரென்று கெட்டியாகப் பூசினேன். தோற்றால் மரம் தெரியவில்லை என்று அவன் சாக்குச் சொல்லக் கூடாதே.

ஞாயிற்றுக்கிழமை ஆடினோம். என் வாழ்நாளில் நான் அப்படி வீசியதில்லை. ஆறு மரம் முடிந்தபோது நான் அவனைவிட இரண்டு வீச்சு குறைவு. நண்பன் எண்ணிக்கையை இரண்டு தடவை சத்தமாகச் சொன்னான். அண்ணன் பீடியை எடுத்துக் கீழே போட்டான். இன்னும் மூன்றே மரம்.

ஏழாவதைக் காணவில்லை.

சந்தின் கோடியில் வளையம் இருக்க வேண்டிய இடத்தில் ஆகாயம் தெரிந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் முழங்கால் உயரத்தில் ஒரு கட்டை, புதிதாக வெட்டிய சிவப்போடு. எட்டாவதும் கட்டை. ஒன்பதாவதும் கட்டை. கிளை கழித்த மூன்று மரங்களும் பக்கத்தில் கிடந்தன. சுண்ணாம்பு வளையம் மட்டும் அப்படியே இருந்தது.

கத்தியோடு ஒருவர் வந்தார். மரம் வெட்டுகிறவர்களின் மேஸ்திரி. "சுண்ணாம்பு வெச்சவன் எவன்டா?" என்று கத்தினார். அப்போதுதான் புரிந்தது. அந்தத் தோப்பில் மரம் வாங்குகிறவர் நடந்து பார்த்து, வெட்ட வேண்டிய மரத்துக்குச் சுண்ணாம்பு வளையம் போட்டுவிட்டுப் போவார். எங்கள் பழைய வளையங்கள் மங்கிக் கிடந்தவரை யார் கண்ணிலும் படவில்லை. நான் புதிதாகப் பூசிய மறுநாள் ஆட்கள் வந்திருக்கிறார்கள். கோடியிலிருந்து வெட்டிக்கொண்டு வந்து, மூன்றாவதோடு சந்தேகம் வந்து நிறுத்தியிருக்கிறார்கள். "இன்னும் ரெண்டு வருஷம் நிக்க வேண்டிய மரம்டா! கலீஜ் பசங்களா, எவன்டா அது?"

நான் வாயைத் திறந்தேன். இரண்டு வீச்சு முன்னால் இருந்த ஆட்டம் போன ஆத்திரத்தில் மேஸ்திரியோடு மல்லுக்கு நிற்கத்தான் திறந்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதற்குள் அண்ணன் முன்னால் வந்து, "நான்தான் போட்டேன் மேஸ்திரி. தெரியாம செஞ்சிட்டேன்" என்றான்.

எனக்குத் தலை கொதித்தது. என்னைப் பற்றி மறுபடியும் அவனே ஒரு முடிவு எடுக்கிறான். நான் கேட்டேனா?

மேஸ்திரி அவனை மேலும் கீழும் பார்த்தார். "என் ஆளுங்க இன்னிக்கி லீவு. மூணு மரத்தயும் நீயே தூக்கினு போய் ரோட்டாண்ட போடு. அப்பாலதான் வூட்டுக்குப் போவ."

அண்ணன் சட்டையைக் கழற்றினான். ஒரு மரத்தின் அடிப்பக்கத்தைத் தூக்கிப் பார்த்தான். பச்சை மரம், நீளம். ஒரு முனை எழுந்தால் மறுமுனை மண்ணில் உழுதது. இழுத்தான். நாலடி போனது. கால் புதைந்தது. மறுபடி இழுத்தான். நண்பன் கைகொடுக்கப் போனான். "நீ தள்ளு" என்று அவனைப் பிடித்து விலக்கிவிட்டு நான் முன்முனையைப் பிடிக்கக் குனிந்தேன். அண்ணன் பின்முனைக்கு நகர்ந்தான்.

இருவர் ஒரு மரத்தைத் தூக்க வேண்டுமென்றால் ஒருவன் குரல் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவன் தூக்கும்போது மற்றவன் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான். முதல் தடவை அப்படித்தான் ஆனது. இரண்டாவது தடவை அவன் முனை நழுவி அவன் முழங்காலில் இடித்தது. முனகினானே தவிர வாயைத் திறக்கவில்லை. அவனாகச் சொல்ல மாட்டான். ஆட்டம் முடியவில்லை, தோற்றவன் யார் என்று தீரவில்லை; ஒழுங்கு என்றால் அவனுக்கு ஒழுங்கு. அவன் முழங்காலில் ரத்தம் கசிந்ததைப் பார்த்தேன்.

"தூக்குண்ணா" என்றேன்.

மரம் எழுந்தது. தோளில் வைத்துக்கொண்டு நடந்தோம். இரண்டு வீச்சு முன்னால் இருந்தவன் நான், முதலில் பேசியவனும் நான் என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டேதான் நடந்தேன். பத்தடி போயிருப்போம். பின்னாலிருந்து, "மெதுவாப் போடா. முன்னால முள்ளு கீது" என்றான்.

எட்டு மாதமாகக் கேட்காத குரல். எனக்குக் கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்துவிட்டது. இரண்டு கையும் மரத்தில் இருந்ததால் துடைக்கக்கூட முடியவில்லை. நல்லவேளை, பின்முனையைப் பிடித்திருந்தவன் அவன். ரோடு வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவே இல்லை.