கடைசி அத்தியாயம் பொம்மையோடு போனது

ஜெசிந்தா அக்கா இறந்துவிட்டாராம். காலையில் பொம்மை யூனிட்டில் பேக்கிங் டேபிள் முன்னால் நிற்கும்போது சொன்னார்கள். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

இந்த ஞாயிற்றுக்கிழமை என் கதையைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் என்ன அவசரம் இந்த அக்காவுக்கு.

கதை எழுதப் பழக என்ன புத்தகம் படிக்கிறாய் என்று சிலர் இன்பாக்ஸில் கேட்டிருந்தீர்கள். சொல்ல வெட்கமாக இருந்தது, பதில் போடவில்லை. என் புத்தகம் எல்லாமே ஜெசிந்தா அக்காவின் பழைய பேப்பர் கடையில் எடுத்தவை. விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளைச் சுற்றிக் கட்ட நாங்கள் பேப்பர் வாங்குவதும் அந்தக் கடையில்தான்.

பத்தாவதோடு நின்றவள் நான். லைப்ரரிக்குள் போய் ஒருவரிடம் வாய் திறந்து கேட்கப் பயம். அக்கா கடையில் கேட்க வேண்டாம், மூட்டையைக் கிளறினால் போதும்.

ஆனால் ஒருநாள் கேட்டுவிட்டேன். கதை எழுதச் சொல்லித் தருகிற புத்தகம் வந்தால் எடுத்து வையுங்கள் என்று. அன்றைக்கு ஆரம்பித்தது தலைவலி.

லீவு லெட்டர் எழுதும் முறை என்று ஒன்றை எடுத்து வைத்தார். பிறகு ஒரு டைப்ரைட்டிங் பாடப் புத்தகம். "எல்லாம் எழுதறதுதான, எடுத்துட்டுப் போடி."

அதுகூடப் பரவாயில்லை. நான் ரோட்டின் அந்தப் பக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு போனாலும் கடைக்குள்ளிருந்து சத்தம் வரும். "ஏ எழுத்தாளரு, இந்தப் பக்கம் பாக்க மாட்டியா." பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்க்கும்.

கடைசியில் உண்மையாகவே ஒன்று கிடைத்தது. அட்டை இல்லை. எப்படித் தொடங்குவது, கதையில் வருகிறவளுக்கு என்ன ஆசை, பேச்சை எப்படி எழுதுவது... நல்ல புத்தகம். கதையை எப்படி முடிப்பது என்ற கடைசி அத்தியாயத்தை மட்டும் காணோம். பொருளடக்கத்தில் இருக்கிறது, உள்ளே இல்லை.

"அது பொம்மையோட போயிருக்கும்" என்றார் அக்கா. "அடுத்த மூட்டையில வேற வரும். அதுவரைக்கும் நீ எழுதிக்கிட்டு இரு."

எழுதினேன். கையால் எழுது என்றது புத்தகம், கையால் எழுதினேன். வீட்டு ஆள் அல்லாத ஒருவரிடம் படிக்கக் கொடு என்றது. எனக்கு வேறு யார் இருக்கிறார்கள்... அக்காவிடம் கொடுத்தேன். ஒரே பிரதி.

அடுத்த வாரம் ஒரு குதிரைப் பொம்மையைச் சுற்றப் பேப்பர் எடுக்கிறேன், என் கையெழுத்து. என் கதையின் நடுப்பக்கம். மற்ற பக்கங்கள் எந்தப் பொம்மையோடு எந்த ஊருக்குப் போயினவோ.

நான் யாரிடமாவது சத்தம் போட்டேன் என்றால் அது அன்றைக்குத்தான்.

"படிக்கக் குடுத்தா எடைக்குப் போட்டுட்டீங்களேக்கா."

"படிச்சிட்டுத்தான்டி தராசுகிட்ட வெச்சேன். எங்க வூட்டுக்காரரு தெரியாம கட்டோட சேத்துக் கட்டிட்டாரு." அப்புறம் சிரிப்பு வேறு. "உடு பாப்பா. மெட்ராசு வரைக்கும் போயிருக்கும் உன் கதை."

"நீங்க படிக்கவே இல்ல. சும்மா சொல்றீங்க."

உடனே சொல்ல ஆரம்பித்துவிட்டார். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்ததும் என் கதாநாயகி கலா பெண்ணாடம் பஸ்ஸில் ஏறுவது, பக்கத்து சீட்டு அம்மா கேட்காமலே வேர்க்கடலை நீட்டுவது, ஜன்னல் ஷட்டர் இறங்காமல் மழை முகத்தில் அடிப்பது... ஒன்றையும் விடவில்லை. பேப்பர் ஏற்ற வந்த வண்டிக்காரர்கூட நின்று கேட்டார்.

"எல்லாம் சரி. பாதி வழியில ஏன் எறங்கினா அவ?"

"வீட்டுக்குத் திரும்பணும்ல."

"ஏன் திரும்பணும்? டிக்கெட்டு பெண்ணாடத்துக்குத்தான வாங்கினா?"

"கதைய எப்படி முடிக்கறதுன்ற பக்கத்த நீங்கதானக்கா பொம்மைக்குக் குடுத்துட்டீங்க."

"அதுக்காவ அவள நடுரோட்டுல எறக்கி உட்டுடுவியா."

பேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீடு வரும்வரை எரிச்சல் அடங்கவில்லை.

திரும்பவும் எழுதினேன். எனக்கே மறந்துபோன இடங்களை அக்காவிடம்தான் போய்க் கேட்க வேண்டியிருந்தது. அவருக்கு ஞாபகம் இருந்தது. அதுவும் எரிச்சல்தான்.

முடிவை மட்டும் நான் சொல்லவில்லை. என்னடி பண்ணின அவள, என்னடி பண்ணின அவள என்று நச்சரித்தார். ஞாயிற்றுக்கிழமை பாருங்கள் என்றேன்.

மதியம் பர்மிஷன் போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அக்கா. நான் வந்து அவ்வளவு நேரம் நின்றும் ஒரு வார்த்தை பேசவில்லை. இப்படி ஒருநாளும் இருந்ததில்லை.

நாளைக்கு மாதா கோயிலில் பூசை முடிந்து அடக்கம்.

இந்தத் தடவை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்க்கா. கலா இறங்கவில்லை. பெண்ணாடத்துக்கே போய்விட்டாள்.

போயிட்டு வாங்க.