ஹாலில் மட்டும் மங்கல்

விசேஷ வீடுகளில் அந்தப் போட்டோகிராபருக்கு ‘அசையாதீங்க’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. வாயைத் திறந்தால் அதுதான் வரும். ஆனால் படம் என்றால் படம். மாப்பிள்ளை அவசரத்தில் மழிக்காமல் விட்ட ஒற்றை முடிகூட அவரிடம் தப்பாது. அப்பேர்ப்பட்டவரின் இரண்டாவது மனைவிக்குத் தன் வீட்டில் எடுத்த உருப்படியான படம் ஒன்றுகூட இல்லை.

ஹாலில் அவளை நிறுத்தி எடுத்தால் அவள் மங்கல், பின்சுவர் பளிச். படங்களைப் பார்த்துவிட்டு அவளுடைய அம்மா ஸ்பீக்கர் போனில் கேட்டாள்: “ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் தெளிவா எடுக்கிற மனுஷனுக்கு உன்னை மட்டும் கண்ணு தெரியலையா?” அவள் சிரித்து மழுப்பினாள். பக்கத்து அறையில் பேட்டரிக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தவருக்குச் சுருக்கென்றது.

அன்றிலிருந்து லென்ஸைப் பிடித்துக்கொண்டார். ஃபோகஸ் பின்னால் தள்ளி விழுகிறது என்பது அவர் தீர்ப்பு. லென்ஸையும் கேமராவையும் இணைக்கும் உலோகப் புள்ளிகளைத் துடைத்தார். வேறு லென்ஸ் மாட்டினார். ஃபோகஸைச் சோதிக்க ஸ்டூடியோவில் அளவுகோலைச் சாய்த்துவைத்து எடுத்தார், கச்சிதம். தண்ணீர் பாட்டிலை எடுத்தார், அதுவும் கச்சிதம். பாட்டிலுக்குக் கிடைத்த மரியாதை மனைவிக்குக் கிடைக்கவில்லை.

பிறகு ஜன்னல் வெளிச்சத்தைக் குறை சொன்னார். கடைசியில், “நீதான் அசையறே” என்றார்.

“மூச்சு விட்டதைத் தவிர நான் ஒண்ணும் பண்ணலையே!”

வேறு வழியில்லாமல் மெக்கானிக்கிடம் போனார். அவன் ஸ்க்ரூ டிரைவரைத் தொடக்கூட இல்லை, மெனுவை மட்டும் நோண்டினான்.

“அண்ணே, இதுல ஒரு முகத்தைப் பதிஞ்சு வச்சிருக்கீங்க. அது எங்க தெரிஞ்சாலும் கேமரா முதல்ல அங்கதான் ஓடும். யாரு இது? அழிச்சிடவா?”

சின்னத் திரையில் அவருடைய முதல் மனைவி. கேமரா வாங்கிய புதிதில் ஆசையாகப் பதிந்தது, அப்புறம் மறந்தே போனார். அவள் இறந்தபின் அதே முகத்தைப் பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டு ஹால் சுவரில் மாட்டியவரும் அவர்தான். ஃபோகஸ் எங்கே விழுகிறது என்று காட்டும் பச்சைக் கட்டம் கண்ணை உறுத்துகிறது என்று அதை அணைத்து வைத்த புண்ணியவானும் சாட்சாத் அவரே. கேமராவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கிளம்பினார். வழியெல்லாம் வெட்கமாக இருந்தது. அழிக்கலாம் என்று நினைத்தபோது அழுகை வந்தது. அதற்கும் வெட்கப்பட்டார்.

வீட்டில் எதையும் மறைக்கவில்லை. திரை ‘நீக்கவா?’ என்று கேட்டுக்கொண்டிருந்தது. அவர் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

அவள் சுவரைப் பார்த்தாள். இத்தனை நாளும் தன் முகத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்திருந்தாள். கோபமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன.

“அக்காவை எதுக்கு அழிக்கணும்? அவங்க பாட்டுக்கு இருக்கட்டும். இன்னொரு முகத்துக்கு இதுல இடம் இருக்கா?”

“இருக்கு. ஆனா யாரு முதல்லன்னு கேக்கும்.”

“கேக்கட்டும். நீங்க பதில் சொல்லுங்க.”

அவர் அவள் முகத்தைப் பதிந்து முதல் இடத்தில் வைத்தார். அதே ஹாலில், அதே இடத்தில் நிறுத்தி எடுத்தார். அவள் இமைமுடிகள்கூடத் தனித்தனியாகத் தெரிந்தன. சுவரிலிருந்தவள் மங்கலாகிப் போயிருந்தாள். அவர் அந்த மங்கலையே திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

அவள் அதைக் கவனித்தாள். விசேஷங்களில் அவருக்கு விளக்குப் பிடித்துப் பழகியவள்.

“லென்ஸோட துவாரத்தைச் சுருக்கினா முன்னால, பின்னால ரெண்டுமே தெளிவா விழும்னு நீங்கதானே சொல்லுவீங்க?”

“விழும். ஆனா வெளிச்சம் பத்தாது, ஷட்டர் மெதுவாத்தான் மூடும்.” ஸ்டாண்டை விரித்துக் கேமராவைப் பொருத்தினார். “ரொம்ப நேரம் அசையாம நிக்கணும்.”

“நான் எங்க போகப் போறேன்?” என்று அவள் போய் அக்காவுக்கு முன்னால் நின்றாள்.