பகலில் உறங்கும் வீட்டின் கேள்வி

கேட்பதற்கு நாணாமை ஓர் அறம். ஈகையைப் போற்றியவர் பலர்; வாய்மையைப் போற்றியவர் அவரினும் பலர். தெரியாததைத் தெரியாது என்று ஒப்பி, தெரிந்தவர் வாசலில் சென்று நிற்பதும் அவ்வறங்களின் வரிசையில் வைக்கத் தக்கதே. அதற்குச் செல்வமும் வேண்டா, கல்வியும் வேண்டா. 'சிரித்துவிடுவார்களோ' என்னும் அச்சம் மட்டும் இல்லாதிருக்க வேண்டும். அந்த அச்சம் பிறவியிலேயே வாய்க்கப்பெறாத ஒருவர் எங்கள் கண்ணாடிக்காரர்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பதும், சட்டத்தை வளைத்து நிமிர்த்தி அவரவர் மூக்கின் மேடு பள்ளத்துக்கேற்பப் பொருத்துவதும் அவர் தொழில். வழி தெரியாவிட்டால் எதிரே வரும் முதல் ஆளைக் கேட்பார். அந்த ஆளுக்கும் தெரியாவிட்டால், இருவருமாகச் சேர்ந்து மூன்றாம் ஆளைக் கேட்பார்கள். இப்படிக் கேட்டுக் கேட்டே அவருக்கு அமைந்த நண்பர்கள் அநேகர்.

அவர் மனைவி மருத்துவமனைச் செவிலியர். பச்சிளங் குழந்தைகள் பிரிவில் இரவுப் பணி. ஊர் கண்விழிக்கையில் வீடு திரும்பி, ஊர் வேலைக்குக் கிளம்புகையில் கண்ணயர்வார். ஆதலால் அவ்வீட்டில் பகலே இரவு. சன்னல்களுக்குக் கறுப்புத் துணி. நாற்காலிகளின் கால்களுக்குப் பழைய காலுறை. வாசல் மணியின் வயிற்றில் பஞ்சு. பாத்திரங்கள் ஓசையின்றி உட்காரச் சமையல் மேடை நெடுகத் துண்டு. சுவர்க் கடிகாரம், நேரம் தவறாமல் உழைத்த குற்றத்துக்காகக் குளியலறைக்கு நாடு கடத்தப்பட்டிருந்தது.

இவ்வளவையும் செய்தவர் மாமனார், அதாவது அந்த அம்மையாரின் தந்தை. மகளோடும் மருமகனோடும் வசிக்கிறார். பள்ளிக்கூடத்தில் மணியடித்து ஓய்வு பெற்றவர்.

"ஊர்ப் பிள்ளைங்க தூக்கத்தையெல்லாம் கெடுத்த கை இது. அந்தப் பாவத்தை எம் பொண்ணைத் தூங்க வச்சுக் கழிச்சுக்கறேன்" என்பார், அதையும் கிசுகிசுத்தே சொல்வார்.

வெயில் ஏறிய பருவத்தில் அந்த வீட்டுக்கு ஒரு சோதனை வந்தது. படுக்கையறைக் குளிரூட்டி, போட்டவுடன் சற்று நேரம் குளிர்காற்று வீசும். பிறகு வெறும் காற்று. பிறகு மின்விசிறிக்கும் அதற்கும் வேற்றுமை கண்டுபிடிக்க ஆராய்ச்சி வேண்டும். அம்மையார் ஈரத் துண்டை நெற்றியில் போட்டுக்கொண்டு புரண்டார். பல பகல்கள் அப்படியே போயின. ஒரு நாள் காலை பணி முடிந்து வந்தவர், கைப்பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் அமர்ந்தார்.

"என்னங்க, இன்னிக்கும் தூங்கலேன்னா சாயங்காலம் நானே போன் பண்ணி வரலைன்னு சொல்லிடுவேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. ஆகறதுக்கு முன்னாடி சொல்றேன். மருந்தை அளக்கும்போது கண்ணு சொக்குது. ஒரு தடவைக்கு மூணு தடவை பாத்துட்டுதான் குடுத்தேன். உள்ளங்கை அளவு குழந்தைங்க. தூக்கக் கலக்கத்துல நான் தொட மாட்டேன்."

"லீவு போட்டா?"

"ஏற்கெனவே ரெண்டு பேரு லீவு. நானும் போகலேன்னா வார்டுல ஒத்த ஆளு. அதுவும் தப்பு, இதுவும் தப்பு."

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். உறங்கவில்லை என்பது கட்டிலின் முனகலில் தெரிந்தது.

கண்ணாடிக்காரர் அன்று கடைக்கு விடுப்புச் சொன்னார். பழுது பார்ப்பவரைத் தொலைபேசியில் அழைத்தார். "வெயில் காலம் சார், ஊரே கூப்பிடுது. அடுத்த வாரம் வர்றேன்" என்றது மறுமுனை. இன்னொருவர் எடுக்கவே இல்லை. மூன்றாமவர் எண்ணில் நெடுநேரம் இனிய இசை கேட்டது. இசை மட்டுமே கேட்டது.

சமையலறையில் காலுறை அணிந்த நாற்காலி ஒன்றில் அமர்ந்து, கைப்பேசியில் ஒரு குழுவைத் திறந்தார். வீட்டுப் பழுதுகளைப் பற்றி ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் குழு அது. முகமறியாதோர் ஆயிரக்கணக்கில் உண்டு. அதில் இப்படி எழுதினார்:

'எல்லாருக்கும் வணக்கம். எனக்கு ஏசியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. போட்டால் கொஞ்ச நேரம் குளிர்கிறது, அப்புறம் வெறும் காற்றுதான். மனைவிக்கு ராத்திரி வேலை. இன்று பகலுக்குள் அவர் தூங்கியாக வேண்டும். பெரிய மனது வைத்து வழி சொல்லுங்கள்.'

மாமனார் தோளோரம் வந்து எட்டிப் பார்த்தார். அவருடைய கண்ணாடி வழக்கம்போல் நெற்றியில் இருந்தது.

"முகம் தெரியாதவங்ககிட்டப் போயி வீட்டுக் கதையச் சொல்றீங்களே மாப்பிள்ளை?"

"முகம் தெரிஞ்சவங்க அடுத்த வாரம்தானே வர்றேங்கறாங்க மாமா."

முதல் விடை கண்ணிமைக்கும் முன் வந்தது. 'கேஸ் போச்சு.' அவ்வளவே. முன்னுரையும் இல்லை, முடிவுரையும் இல்லை. கண்ணாடிக்காரர் 'நன்றி அண்ணா' என்று எழுதினார்.

அடுத்தவர், ரிமோட்டில் சூரியன் படம் இருந்தால் பனிப்பூப் படத்துக்கு மாற்றச் சொன்னார். கண்ணாடிக்காரர் பூனைபோல் நடந்து படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தார், பனிப்பூதான். நன்றி சொன்னார். வேறொருவர், உள்ளே இருக்கும் வலையைக் கழுவச் சொன்னார். கழற்றினார், கழுவினார், துடைத்துக் காயவைத்து மாட்டினார்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கட்டிலைப் பார்த்துக் கேட்டார்.

"காத்து சுத்தமா வருது. சூடாத்தான் வருது" என்றது ஈரத் துண்டின் அடியிலிருந்து ஒரு குரல்.

இதற்கும் நன்றி சொன்னார். ஏசி போடுவதே சோம்பேறித்தனம் என்று வைதவருக்கும் நன்றி சொன்னார். 'இதைத் தூக்கிப் போட்டுவிட்டு என்னிடம் இருப்பதை வாங்கிக்கொள்ளுங்கள்' என்றவருக்குச் சற்றே சுருக்கமாக நன்றி சொன்னார்.

பிறகு ஒரு வீரர் வந்தார். 'வெளியே இருக்கும் பெட்டியைத் திறந்து கெப்பாசிட்டரைப் பிடுங்கி வேறு மாட்டு. அரை நிமிட வேலை' என்றார். கண்ணாடிக்காரர் எழுந்து தம் திருப்புளியை எடுத்தார். அது மூக்குக்கண்ணாடித் திருகாணிக்கானது. ஊசியின் ஒன்றுவிட்ட தம்பி. மலையைப் பிளக்க நகவெட்டியோடு புறப்பட்டவர்போல் அவர் நின்றபோது, கைப்பேசி மீண்டும் சிணுங்கியது. பச்சைக்கிளிப் படம் வைத்திருந்த ஒரு பெண்மணி. ஏசி பழுது பார்க்கும் பட்டறை நடத்துபவர் என்று அவரே குறிப்பிட்டிருந்தார்.

'அண்ணா, அந்தப் பெட்டியைத் திறக்காதீங்க. ஸ்விட்சை அணைச்சாலும் அதுக்குள்ள கரண்ட் தேங்கி நிக்கும். முதல்ல சொல்லுங்க, வெளிப்பெட்டி எப்படி ஓடுது? சத்தம் எப்படி இருக்கு?'

மற்றவரெல்லாம் விடையோடு வந்தார்கள். கேள்வியோடு வந்தவர் இவர் ஒருவரே. கண்ணாடிக்காரர் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுப் பெருமையோடு எழுதினார்: 'அதில் ஒரு குறையும் இல்லை அம்மா. முன்பு கரகர என்று கத்தும். இப்போது பரம அமைதி.'

'எப்போதிலிருந்து அமைதி?'

யோசித்தார். 'குளிர் குறைந்த அதே சமயத்திலிருந்துதான்' என்று எழுதும்போதே அவர் விரல் சற்றுத் தயங்கியது.

'ஓடற பெட்டி சத்தம் போடத்தான் செய்யும் அண்ணா. ஒரு படம் எடுத்துப் போடுங்க.'

வெளிப்பெட்டி பின்கட்டில், துணி காயும் கொடிக்கு அப்பால் இருந்தது. போய்ப் படம் எடுத்தார், குழுவில் இட்டார். எடுத்த படத்தை அவர் கூர்ந்து பார்க்கவில்லை. குழு பார்த்தது.

'அண்ணே, ஏசிக்குக் காய்ச்சலா?'

'குளிருதுன்னு சொல்லிச்சா?'

'தாலாட்டும் பாடுவீங்களா?'

கேஸ் போச்சு என்றவர்கூட, 'கேஸ் போகல' என்று தம் தீர்ப்பைத் திருத்திக்கொண்டார்.

கண்ணாடிக்காரர் படத்தை விரித்துப் பார்த்தார். பூப்போட்ட தடித்த போர்வை ஒன்று பெட்டியைத் தலை முதல் கால் வரை தழுவியிருந்தது. அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. ஒவ்வொரு சந்திப்பிலும் ஓர் அழகிய முடிச்சு. அவர் அதை நாள்தோறும் கண்டவர்தாம். ஆனால் நாற்காலி காலுறை போட்டு, மணி பஞ்சு தின்று, மேடை துண்டு விரித்துக் கிடக்கும் வீட்டில், பெட்டி ஒன்று போர்வை போர்த்தியிருப்பது எவர் கண்ணை உறுத்தும்? ஊருக்கெல்லாம் பார்வை திருத்தியவர் வீட்டுப் பின்கட்டில், விளக்கின் அடியில் இருள்போல் அது கிடந்தது.

கிளிப்படப் பெண்மணி சிரிக்கவில்லை. 'அறைக்குள்ள இருக்கற சூட்டையெல்லாம் வெளிய தள்ளறது அந்தப் பெட்டிதான் அண்ணா. மூடிட்டா சூடு தாங்காம அதுவே நின்னுடும். ஆறினதும் திரும்ப ஓடும். அணைச்சுட்டு, போர்வையை எடுங்க. பஞ்சு ஒட்டியிருந்தா மெதுவா பிரஷ்ஷால தட்டி விடுங்க. நல்லா ஆறின பிறகு போடுங்க.'

"என்ன மாப்பிள்ளை சொல்றாங்க?" என்று மாமனார் கிசுகிசுத்தார்.

கண்ணாடிக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். மகள் உறக்கத்துக்குக் கோட்டை கட்டியவர் முகம் அது. அந்தக் கோட்டையின் ஒரு கல்லே மகளின் உறக்கத்தைக் கெடுத்தது என்று எப்படிச் சொல்வது?

"வெளிப்பெட்டியில கொஞ்சம் தூசியாம் மாமா. தட்டிட்டு வர்றேன்."

போகும் முன் குழுவில் ஒரு வரி எழுதினார்: 'போர்த்தியது நான்தான். சத்தம் கேட்கக் கூடாது என்று செய்தேன். என் தவறுதான், சிரியுங்கள்.' சிரித்தார்கள்.

குளிரூட்டியை அணைத்துவிட்டு முடிச்சுகளோடு மல்லுக்கு நின்றார். ஒன்றை இழுத்தால் மற்றொன்று இறுகியது. பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, கயிற்றின் நுனியைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டியது; அத்தனையும் ஒரே நேரத்தில் அவிழ்ந்து விழுந்தன.

"இது மணிக்கயிறு கட்டற முடிச்சு மாப்பிள்ளை. கட்டினவனுக்குத்தான் அவிழும்." மாமனார் போர்வையைப் பார்க்காமல் கொடியைப் பார்த்தார். "அப்ப, தூசி இல்ல. நாந்தான்."

"துணி சுத்தின மணி அடிக்குமா மாமா? அதுமாதிரிதான் இதுவும். வாயைத் தொறந்து விட்டாதான் வேலை செய்யும்."

கிழவருக்கு அடக்க மாட்டாமல் சிரிப்பு வந்தது. வாயைப் போர்வையாலேயே பொத்திக்கொண்டார். இருவருமாகப் பஞ்சைத் தட்டினார்கள். பெட்டி ஆறும்வரை காத்திருந்து மின்விசையைப் போட்டார்கள். கரகரவென்று தொண்டையைத் திறந்து பாடியது அது. கூடத்துக்கு வந்தபோது படுக்கையறைக் கதவின் அடியிலிருந்து குளிர் கசிந்து கணுக்காலைத் தொட்டது. உள்ளே கட்டிலின் முனகல் நின்றிருந்தது. அதற்குப் பதில், ஆழ்ந்த, சீரான, கொஞ்சம் கரகரப்பான குறட்டை.

"சத்தம் எம் பொண்ணை எழுப்பிடும்னு நெனச்சேன். அவ சத்தம் அதைவிடப் பெருசா இருக்கே!" என்றார் மாமனார்.

பிறகு கைப்பேசியைக் கேட்டு வாங்கினார், நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார், அனைத்தையும் வாசித்தார். மருமகன் எழுதியிருந்த அந்த ஒரு வரியை மட்டும் இரண்டாம் முறையும் வாசித்தார். ஒற்றை விரலால் மெல்ல மெல்லத் தட்டி, மருமகன் கணக்கிலிருந்தே எழுதினார்: 'இவர் சொன்னது பொய். போர்த்தியது மாமனார். ஏசி ஓடுகிறது. மகள் தூங்குகிறாள். எல்லாரும் நன்றாக இருங்கள்.'

குழு அன்று நெடுநேரம் ஆரவாரித்தது. கண்ணாடிக்காரர் ஒருவர் விடாமல் நன்றி எழுதினார். கிளிப்படப் பெண்மணிக்கு இரண்டு முறை எழுதினார்.

மாலையில் எழுந்த அம்மையார், தம் கழுத்து வரை பூப்போட்ட போர்வை ஒன்று இழுத்துவிடப்பட்டிருப்பதைக் கண்டார். அதில் மெல்லிய வெயில் வாசனை.

"யாருங்க போர்த்தினது? இது பின்னாடி கட்டிவச்சிருந்ததுல்ல?"

"நீ குளிருதுன்னு தூக்கத்துல சொன்னே. உங்கப்பாதான்" என்றார் கணவர்.

அம்மையார் முகம் கழுவி, சீருடை அணிந்து, தெளிந்த கண்களோடு பணிக்குக் கிளம்பினார். உள்ளங்கை அளவுக் குழந்தைகள் காத்திருந்தன.

அயர்ந்தவர்க்கு உறக்கமும், உறங்காது காப்போர்க்கு உறுதியும் அளிக்கும் இறைவன் அந்த வீட்டின் மேல் அருள் பொழிக. அங்குப் பகல் உறக்கம் கலையாதிருக்க. மாமனார் கை முடிச்சும் மருமகன் நா இனிமையும் தளராதிருக்க. வாசல் மணியின் வயிற்றில் பஞ்சு இருந்தாலும், நல்ல செய்தி வரும்போது மட்டும் அது தானே ஒலிக்க.